தாய்வீட்டுக்கு வந்த ஆறு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று பிடிபடாது. குழம்பைப் பற்றிச் சொல்லப்போய் உப்பு வாங்கிய கடையில் போய் நிற்பேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மனிதர்களைப் பற்றித் தப்பாகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், காலைக் கையைப் பிடித்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆறு சண்டைக்கு வராது. வீட்டுக்கு வரும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன், எங்கேயாவது வாய் தவறினால் அது என் வாயின் குற்றமே தவிர ஆற்றின் குற்றமில்லை.

எங்கள் ஊர் ஆற்றுக்குச் செங்கழுநீராறு என்று பெயர். செங்கழுநீர்ப் பூவை எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும், அவற்றுக்கு நடுவில் கறுத்துப்போய் நகராமல் கிடந்த கொஞ்சம் தண்ணீரும்தான். ஆற்றங்கரையில் பதினோரு வீடுகள். என் மாமனார் காலத்தில் லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கிக் கட்டியவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் வெள்ளம் வந்து நிலைப்படிக்கு மேல் நின்றபோது, பள்ளிக்கூட மாடியில் மூன்று நாள் ஈரப் பாயில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் இரண்டு ஆடுகள் எங்கள் கண்ணெதிரே கத்திக்கொண்டே போயின. அன்றிலிருந்து வானம் கொஞ்சம் இருட்டினால் நான் பாய் படுக்கையைப் பரணில் ஏற்றிவிடுவேன்.

போன வைகாசியில்தான் ஆற்றைத் தூர்வார ஆள் வந்தது. ஒரு பொக்லைனும், நூறு நாள் வேலைப் பெண்கள் நாற்பது பேரும். அந்த நாற்பதில் நானும் ஜெயக்கொடியும் உண்டு. நாற்பது நாள் வாரினோம். ஆகாயத்தாமரையைப் பிடித்து இழுத்தால் அது ஊரையே பிடித்துக்கொண்டு வருவது போல வந்தது. அதன் வேரில் பால் பாக்கெட்டும் மெத்தைப் பஞ்சும் மூக்குடைந்த பிள்ளையாரும் ஒற்றைச் செருப்பும் தொங்கின. ஒரு கட்டில் கால் வந்தது. அது எங்கள் வீட்டுக் கட்டில் கால் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் கூடையில் போட்டு அதன் மேல் சேற்றை அள்ளிப் போட்டேன். ஜெயக்கொடி பார்த்துவிட்டாள்.

"என்னாக்கா, சீர்வரிசையெல்லாம் திரும்பி வருது போல?"

"வாயை மூடிக்கிட்டு வாருடி. உன் வீட்டு அம்மிக்கல்லு இனிமேதான் வரும்."

வேலையைப் பார்த்துக்கொண்டது சுலைமான் என்ற ஓவர்சியர். அதிர்ந்து பேசாத மனிதர். பழைய வரைபடம் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடப்பார். ஒரு நாள் நாங்கள் சாப்பிடும்போது அதை விரித்துக் காட்டினார். "இப்ப நீங்க உக்காந்து சாப்புடுறதே ஆத்துக்குள்ளதான்க்கா. உங்க தெருவுல பாதி அதோட படுக்கை" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார். கோடு இலுப்பை மரத்தடியிலிருந்து கிளம்பி, எங்கள் வீட்டை நடுவில் வகுந்துகொண்டு, ஜெயக்கொடி வீட்டு மாட்டுக்கொட்டகை வழியாகப் போய்த் தெருக்குழாயடியில் முடிந்தது. என் வீட்டுச் சமையற்கட்டும் பின்னறையும் ஆற்றில், முன்னறையும் வாசலும் கரையில். "அப்ப நான் தெனம் ஆத்துக்குள்ள நின்னுதான் சோறு வடிக்கிறேனா சார்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மழைக்கு முன்னால் காலி செய்யச் சொன்னார், மேட்டுத்தெருவில் இடம் ஒதுக்கியிருக்கிறது என்றார். காதில் வாங்கிக்கொண்டோம், வேறெதுவும் செய்யவில்லை. பொக்லைன் இலுப்பை மரம் வரை வந்து, எங்கள் வீடுகளைப் பார்த்ததும் நின்றுகொண்டது. அதற்கு மாலை போட்டார்கள், எல்லாருக்கும் பூந்தி கொடுத்தார்கள். சுண்ணாம்புக் கோட்டை மறுநாளே நான் பெருக்கித் தள்ளினேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு வீட்டுக்கு வந்தது.

சமையற்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பின்சுவர் பக்கம் ஒரு சத்தம், நூறு பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒன்றாக நடந்தால் வருமே அப்படி. சுவர் விழவும் இல்லை, விலகவும் இல்லை. துணியில் வெயில் இறங்குவது மாதிரி ஆறு அந்தச் சுவர் வழியாக இறங்கி, கணுக்கால் உயரத்தில், தெளிந்த பளிங்காக, என் அடுப்படியைச் சுற்றிக்கொண்டு பின்னறைக்குள் போயிற்று. கால் சில்லென்றது. புடவைக் கரை மிதந்தது. உருவிய கீரை மட்டும் தரையில் போட்டது போட்டபடி கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரல்கள் இழுபட்டன, ஆனால் கையை எடுத்தால் கை உலர்ந்திருந்தது. சின்னச் சின்னக் கெண்டைகள் அரிசிப் பானைக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியேறின. நான் பெருக்கித் தள்ளிய அதே கோடு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட வரவில்லை. சமையற்கட்டுக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று, ஒரு காலை ஆற்றிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு கும்பிட்டேன். உச்சி வேளைக்கு அது போய்விட்டது. வீட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மறுநாளும் பத்து மணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும்.

முதல் வாரம் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் வாரம் வேளையை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டோம். ரேஷன் கடைக்காரர் எங்கள் தெருவுக்கு மட்டும் ஒன்பது மணிக்கே அரிசி போட்டார். பூனைகள் மூன்று நாள் மீனைத் துரத்தித் துரத்திச் சுவரில் முட்டிக்கொண்டு, நான்காம் நாள் வெறுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டன. ஜெயக்கொடி வலை போட்டுப் பார்த்தாள், மீன்கள் வலையை வலையென்றே மதிக்காமல் போய்க்கொண்டிருந்தன. கைக்குழந்தைகளை அந்த நேரத்தில் தாழக் கட்டிய தூளியில் போட்டால் யாரும் ஆட்ட வேண்டியதில்லை, ஆறே ஆட்டியது. வெளியூரிலிருந்து பஸ் பிடித்துப் பார்க்க வந்தார்கள், வந்தவர்களுக்குச் சுண்டல் விற்க இன்னும் சிலர் வந்தார்கள். அலுவலகத்திலிருந்து அளவுகோலோடு வந்த ஒருவர் கோலை ஆற்றுக்குள் நிறுத்தி, எடுத்து, துடைத்துப் பார்த்து, நனையாததால் 'நீர் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது அவர் வேட்டிக் கரை கணுக்காலில் மிதந்ததை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம்.

நனைக்காத ஆறு என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு பயம் போய்விட்டது. எனக்கு மட்டும் போகவில்லை. சமையற்கட்டின் கதவு நிலையில் தினமும் குங்குமத்தால் ஒரு கோடு இழுத்து வந்தேன். கணுக்காலில் இருந்தது ஆனிக் கடைசியில் கெண்டைக்காலுக்கு வந்திருந்தது.

ஒரு நாள் சுலைமான் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் சமையற்கட்டில், ஆற்றுக்குள் நின்றார்.

"என்ன சார் பண்ணுது இது?" என்றேன்.

"நாம வாரி விட்டோம்ல, முழிச்சிக்கிச்சு. எடம் பாக்குதுக்கா."

என் வீட்டுக்காரர் வைத்திலிங்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று வீட்டில் இருந்தார். "பாத்துட்டுப் போவட்டுமே சார்" என்றார். "மூணு வாரமா வருது, ஒரு பாயை நனைச்சிருக்கா? நம்ம சொந்தக்காரன் வந்தாக்கூட இவ்வளவு நாகரிகமா இருக்கமாட்டான்."

சுலைமான் என் குங்குமக் கோடுகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தது. ஆடியில் ஆறு சூலாக இருக்கும், அதற்கு வாய்க்கு ருசியாகப் படைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை பதினெட்டாம் பெருக்குக்கு நாங்கள் பக்கத்து ஊர்ப் படித்துறைக்குப் போவோம், எங்கள் ஆற்றுக்கு யாரும் படைத்ததில்லை. இந்த வருஷம் அவள் வீட்டுக்குள்ளேயே வருகிறாளே என்று, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் காப்பரிசியும் செய்து, காதோலை கருகமணியோடு வாழையிலையில் வைத்து அவரவர் பின்னறையிலேயே விட்டோம். பதினோரு இலைகளும் பதினோரு வீட்டுச் சுவர்களையும் ஊடுருவிக்கொண்டு வரிசையாகப் போயின. மெல்ல, ஒவ்வொரு வீட்டையும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவது போல. தெருவே அழுதது. ஏன் அழுகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. இத்தனை காலம் பட்டினி போட்டிருக்கிறோமே என்று இருந்திருக்கலாம்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது.

எனக்கு ஒரே மகள், தேன்மொழி. அவள் அப்போது ஏழு மாதம். ஆவணியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்புப் போட்டார்கள். தெருவே வேன் பிடித்துப் போய் வளையல் அடுக்கிவிட்டு, முறைப்படி பிரசவத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு வந்தோம். பின்னறையை அவளுக்காக ஒழித்து வைத்திருந்தேன். காற்றோட்டமான அறை வீட்டில் அது ஒன்றுதான். மறுநாள் மிச்ச வளையலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயக்கொடி வந்தாள். ஆறு அப்போது முழங்கால் உயரம்.

"மசக்கைக்குச் சோறு போட்டாச்சு. வளையல் போட வேண்டாமா? ஒரு பொண்ணுக்குப் போட்டோம், இன்னொருத்தி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கிறா, வெறுங்கையோடவா விடுறது?"

பெண்கள் எல்லாரும் என் வீட்டில் கூடினார்கள். சந்தனம் கரைத்தோம். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொருத்தியும் ஆற்றில் விட, அவை மூழ்காமல் முழங்கால் உயரத்தில் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று சிரித்துக்கொண்டு போயின. பத்து வீடு தாண்டியும் அந்தச் சத்தம் கேட்டது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து எழுந்து நின்றேன்.

"பொண்ணைப் பெத்தவதான் கடைசி வார்த்தை சொல்லணும்" என்றாள் ஜெயக்கொடி. "சொல்லுக்கா."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள்தான் தேன்மொழிக்குச் சொல்லியிருந்தேன். அதே ஞாபகத்தில், அதே பிரியத்தோடு, கன்னத்தைத் தொடுவது போல ஆற்றைத் தொட்டு, "பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்துடும்மா" என்றேன்.

குலவை போட்டார்கள். அந்தக் குலவைக்குள் ஆறு ஒரு கணம் நின்றது. கெண்டைகள் நின்றன, வளையல்கள் நின்றன. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் ஒருத்தி நிற்பாளே, அப்படி. பிறகு ஓடியது. பார்த்தது நான் ஒருத்திதான்.

மறுநாள் இடுப்புக்கு வந்தது.

புரட்டாசி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. வாய் திறந்து சொன்னால், "ஒனக்குப் பயப்படுறதுதானேக்கா வேலையே" என்பாள் ஜெயக்கொடி. மேட்டுத்தெருவில் ஒதுக்கிய இடங்கள் முள் முளைத்துக் கிடந்தன. மூன்று மாதமாக வந்தும் ஒரு பாயைக்கூட நனைக்காத ஆற்றைப் பார்த்து யாராவது வீட்டைக் காலி செய்வார்களா? நனைக்காதது என்று நாங்களே பெயர் வைத்து நாங்களே அதை நம்பினோம்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், பத்து மணி. ஆறு மார்பளவு. பின்னறையில் தேன்மொழி பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு மேலே ஆறு போய்க்கொண்டிருந்தது. பின்னல் அவிழ்ந்து கூந்தல் முழுவதும் நீளமாக மிதக்க, ஒரு பெரிய விரால் தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அவள் வயிற்றோரமாக மெதுவாகத் தாண்டியது. வயிற்றுக்குள் பிள்ளை அசைவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. இத்தனை அழகை இந்தக் கண்ணுக்கு ஏன் கொடுத்தாய் என்று நின்றேன். உச்சி வேளைக்கு ஆறு போன பிறகு அவளை எழுப்பிப் பாயைச் சுருட்டினேன். பாயின் ஒரு மூலை, உள்ளங்கை அகலம், ஈரம். ஈரத்தின் மேல் ஒரு பச்சை வளையல்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "கொடத்துத் தண்ணி சிந்தியிருக்கும்" என்றார்.

"வளையலுமா கொடத்துல இருந்து சிந்துச்சு?"

அவர் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். தேன்மொழி வளையலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பயப்படவில்லை. "நீதானேம்மா கூப்பிட்ட" என்றாள். "வராம எங்க போவா?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெளிந்தது. கூப்பிட்டவள் நான். நிறைமாதக்காரியிடம் வராதே என்று சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது, சொன்னாலும் அது நிற்காது. வளையல் போட்ட பிறகு பெண் பிறந்த வீட்டுக்குத்தான் வருவாள். அவள் பிறந்த வீடு எது என்பது சுலைமானின் வரைபடத்தில் இருந்தது, நான் பெருக்கித் தள்ளிய சுண்ணாம்புக் கோட்டில் இருந்தது. என் பின்னறை ஒன்று, பிள்ளை பெற வந்தவர்கள் இரண்டு பேர்.

அன்றே கடப்பாரையை எடுத்தேன். பின்சுவரில் முதல் குத்துக்கு ஒரு செங்கல்தான் பெயர்ந்தது. சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார்.

"என்னடி பண்ற?"

"வழி விடுறேன்."

"யாருக்கு?"

"நான் கூப்பிட்டவளுக்கு."

"எங்கப்பா கட்டுன செவருடி இது!"

"உங்கப்பா அடைச்ச வழிங்க இது."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் இன்னும் பத்துக் குத்துக் குத்தினேன். பிறகு அவர் எழுந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, "நீ குத்துற லட்சணத்துக்குச் செவரு உன் தலைமேலதான் விழும், தள்ளு" என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

இரண்டு நாளில் பின்சுவரும், பின்னறைக்கும் சமையற்கட்டுக்கும் நடுச்சுவரும், ஜெயக்கொடி வீட்டைப் பார்த்த பக்கச்சுவரும் போயின. கல்லையும் மண்ணையும் ஆட்டோவில் ஏற்றி மேட்டுத்தெருவில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் கொட்டி, அதன் மேல் தகரக் கொட்டகை போட்டுத் தேன்மொழியை அங்கே கொண்டுபோய் வைத்தோம். தெரு முழுக்கச் சிரித்தது. "பயத்துல வீட்டையே இடிச்சவளை இப்பதான்யா பாக்கிறேன்" என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் திரும்பி வந்து முன்னறையையும் பின்னறையையும் கழுவிக் கோலம் போட்டு, வேப்பிலை செருகி, பின்னறையில் புதுப்பாய் ஒன்றை விரித்து, ஒரு கிண்ணத்தில் பிரசவ லேகியம் வைத்தேன். பைத்தியம் என்று சொன்னவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மேட்டுத்தெருவில் ஒரு கதவு நடந்து வந்தது. கீழே பார்த்தால் ஜெயக்கொடி, தன் வீட்டுப் பின்கதவைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"சிரிக்காதக்கா. ஒன் வீட்டுல நுழைஞ்சவ என் வீட்டுல முட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல? மானக்கேடு."

அப்படியே ஒவ்வொன்றாக. ஏழு வீடு சுவரெடுத்தது. நான்கு வீடு எடுக்கவில்லை. ஆனால் ஆட்கள் எல்லாரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள், சுலைமான் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று கூட்டி வந்தார்.

ஐப்பசி பதினெட்டில் தொடங்கிய மழை ஏழு நாள் விடவில்லை. எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, எந்த நாளும் வருகிற அதே நேரத்துக்கு, ஆறு வந்தது. அன்று அது நனைத்தது. மேட்டில் நின்று ஊரே பார்த்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது போல உறுமிக்கொண்டு வரவில்லை. தூர்வாரிய இடமெல்லாம் அகலமாக நடந்து வந்து, இலுப்பை மரத்தடியில் ஒரு கணம் தயங்கி, பிறகு எங்கள் சுவரில்லாத வீட்டுக்குள், வழி தெரிந்தவளாக, பாயை மிதக்கவிட்டு, லேகியக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் ஏந்திக்கொண்டு, அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போனது. எடுக்காத நான்கு சுவர்களிடம் அரைநாள் நின்றது, சுவர்கள் மெல்ல உட்கார்ந்தன. தெருக்குழாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. என் முன்னறைக் கோலம் கூடக் கலையவில்லை. மேலே ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. அன்று மாலை பெரியாஸ்பத்திரியில் தேன்மொழிக்குப் பெண் பிறந்தது.

கார்த்திகைக் கடைசியில் தண்ணீர் தணிந்து, பின்னறையில் முழங்கால் அளவு நின்றது. இப்போது அது உண்மையான தண்ணீர். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாய் விரித்த இடத்தில் வட்ட வட்டமாக இலைகள், நடுவில் இரத்தச் சிவப்பில் ஒரு பூ. பக்கத்தில் மொட்டுகள், எண்ணவில்லை. ஜெயக்கொடியும் ஓடி வந்து பார்த்தாள். அவள் வாயிலிருந்து ஒரு கேலி கூட வரவில்லை. "ஆத்துக்குப் பேரு சும்மா வைக்கலக்கா" என்றாள்.

தையில் சுலைமான் வரைபடத்தோடு வந்தார். எல்லாம் கோட்டுக்குள் அடங்கிவிட்டது, கோட்டுக்கு வெளியே இருக்கும் என் முன்னறையை நான் வைத்துக்கொள்ளலாம், தாராளமாக ஒரு கடை போடலாம் என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நான் மொட்டுகளைப் பார்த்தேன். போன வருஷம் ஒருத்தியாக வந்தாள். அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். பிள்ளைகளோடு வருகிற பெண்ணுக்குப் பின்னறை ஒன்று எந்த வீட்டில் போதும்?

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, முன்னறைச் சுவரில் முதல் குத்துக் குத்தினேன்.